கனமான பொருளை வீட்டுக்குள் வரை கொண்டுவரணுமா? ஓட்டுநர்களின் கவலையும் நீங்கள் கேட்டுவைக்க வேண்டியதும்

புதிய ஃபிரிட்ஜ் வாங்கியாச்சு. மார்சிலிங் டிரைவில் உங்கள் புளோக்குக்குக் கீழே லாரி வந்து நிற்கிறது. ஓட்டுநரும் உதவியாளரும் பெட்டியை மின்தூக்கியில் ஏற்றி, பொது நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ரசீதில் 'இலவச விநியோகம்' என்று இருக்கிறது. எதுவரை இலவசம்? வாசல் வரையா, சமையலறை வரையா?

பல நேரங்களில் இந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடிதான் பதில் கிடைக்கிறது. "அண்ணே, அப்படியே உள்ளே வச்சுட்டுப் போயிடுங்களேன்" என்று நீங்கள் கேட்பீர்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல ஓட்டுநருக்குச் சங்கடம். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்ற பதற்றமும் இருக்கும். தூக்கிவிடுகிறார். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பதில்தான் சிக்கல்.

மின்தூக்கியிலிருந்து உங்கள் அறை வரையிலான அந்தக் கடைசிப் பத்து மீட்டர் பற்றித்தான் இந்த விளக்கம்.

மார்சிலிங்கில் இது ஏன் பெரிய விஷயம்?

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை விரிவாக்க மார்சிலிங் கிரசென்ட், மார்சிலிங் லேன் பகுதியில் 210 முதல் 218 வரையிலான 9 புளோக்குகள் எடுத்துக்கொள்ளப்படும் என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 732 வீடுகள். மாற்று வீடுகளுக்கு உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 13-இல் இடம் ஒதுக்கப்பட்டது. 732 வீடுகள் என்றால் குறைந்தது 732 ஃபிரிட்ஜ், 732 சலவை இயந்திரம். அதுபோகக் கட்டில், அலமாரி, தேக்கு மரத்தில் செய்த சாமி மாடம். பாதிப் பொருள் பழைய வீட்டிலிருந்து இறங்கும். மீதி, கடையிலிருந்து புதிதாக ஏறும்.

இன்னொரு காரணம் வட்டாரத்தின் வயது. மார்சிலிங்கின் முதல் புளோக்குகள் 1970களில் எழுந்தவை. அந்தக் காலத்து வீவக புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காது. 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தீவு முழுவதும் பெரும்பாலான புளோக்குகளில் இதைச் சரிசெய்துவிட்டது. ஆனாலும் செலவு, கட்டட அமைப்பு போன்ற காரணங்களால் நேரடி மின்தூக்கி வசதி கிடைக்காத புளோக்குகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவருக்கு அரை மாடி ஏறுவது பழகிப்போன ஒன்று. 80 கிலோ பெட்டியோடு வருபவருக்கு அப்படியில்லை.

80 கிலோவை இரண்டு பேர் தூக்க முடியாதா?

தூக்கிவிடலாம், தினமும் தூக்கத்தான் செய்கிறார்கள். பாதுகாப்பாகத் தூக்க முடியுமா என்று கேட்டால் பதில் வேறு.

முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம் சாதாரணமாக 60 முதல் 80 கிலோ வரை இருக்கும். சுழலும்போது ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள், அதுதான் காரணம். இரண்டு கதவு ஃபிரிட்ஜ் 70 கிலோவிலிருந்து 100 கிலோவைத் தாண்டும். நிமிர்ந்து நிற்கும் பியானோ 200 கிலோவைத் தொடும்.

இதோடு ஒப்பிட, அமெரிக்காவின் தேசிய வேலைப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம் போட்ட கணக்கைப் பாருங்கள். எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்குவதற்கு அது பரிந்துரைக்கும் எடை 23 கிலோதான். பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு அமைப்பு ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ என்கிறது. அதுவும் பொருளை உடம்போடு ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் பிடித்தால் மட்டும். தரையிலிருந்து குனிந்து எடுத்தால் ஆண்களுக்கே அது 10 கிலோவாகக் குறைந்துவிடும். இவை சட்ட வரம்புகள் அல்ல. இதைத் தாண்டினால் நிதானித்து யோசியுங்கள் என்ற எச்சரிக்கை எண்கள்.

நாம் அதிகம் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்தால் பலம் இரண்டு மடங்கு ஆகாது. ஒருவர் காலெடுத்து வைக்கும்போது மற்றவர் பிடி தளரும். ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம். அதனால் இருவரின் மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும் என்பது அதே பிரிட்டிஷ் வழிகாட்டியின் கணக்கு. 25-உம் 25-உம் சேர்ந்து 50 ஆகாது, சுமார் 33 கிலோதான். மூன்று பேர் சேர்ந்தால் மொத்தத்தில் பாதி. அப்போதும் 80 கிலோ ஃபிரிட்ஜ் கணக்குக்குள் வராது.

அதனால்தான் லாரியில் டெயில்கேட், டிராலி, தோளில் மாட்டும் பெல்ட் எல்லாம் இருக்கின்றன. சமதரையில் டிராலி வேலையைச் செய்துவிடும். அது நின்றுபோவது உங்கள் வாசலில்.

வாசலில் என்ன நடக்கிறது?

பழைய வீவக வீடுகளில் நடைபாதைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு படியோ இரண்டு படியோ இருக்கும். அந்த இடத்தில் டிராலியைச் சாய்த்து, முழு எடையையும் கையில் வாங்கியாக வேண்டும். இரும்புக் கேட் பாதிதான் திறக்கும், ஏன் என்றால் பின்னால் காலணி அலமாரி. நடைபாதையில் சைக்கிள், பூந்தொட்டி, பழைய நாற்காலி. பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. தீ விபத்தில் தப்பிப்பதற்காக வைத்தது. சாமான் கொண்டுவருபவருக்கும் அதே 1.2 மீட்டர்தான் உயிர்.

அடுத்தது செருப்பு, ஷூ விஷயம். நம் வீடுகளில் யாரும் ஷூவோடு உள்ளே வருவதில்லை. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லார் வீட்டிலும் இதே பழக்கம்தான். வாசலில் கோலம், உள்ளே சாமி படம். ஷூவைக் கழற்றச் சொல்வதில் தப்பில்லை என்றுதான் தோன்றும்.

ஓட்டுநர் பக்கமிருந்து பாருங்கள். அவர் போட்டிருக்கும் பாதுகாப்புக் காலணியின் முன்பக்கம் கடினமாக இருக்கும், அடிப்பக்கம் வழுக்காது. அதைக் கழற்றியதும் காலில் இருப்பது வெறும் சாக்ஸ். தரையோ துடைத்து மினுக்கிய டைல்ஸ். இரண்டு கையிலும் 80 கிலோ, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஒரு விரல் அளவு வழுக்கினால் பெட்டி விழுவது அவருடைய கால் மேல். ஓட்டுநர்களின் கவலைகளில் எளிதில் தீர்க்கக்கூடியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வாசலிலிருந்து சமையலறை வரை விரித்துவிட்டால் போதும், ஷூவோடு வந்துபோகலாம். அட்டையை நகராமல் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஷூ மேல் மாட்டும் உறை வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்த உறையே வழுக்கினால் பயனில்லை, அட்டைதான் மேல்.

வீட்டுக்குள் போனபிறகு இன்னும் சில உண்டு. பின்னால் ஓடிவரும் குழந்தை, காலைச் சுற்றும் பூனை, ஈரமான கழிவறைப் படி. இரண்டு மாடி வீவக வீடு என்றால் உள்ளேயே திருப்பமுள்ள படிக்கட்டு. கீழே நிறுத்தியிருக்கும் லாரிக்கு நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீவக கார் நிறுத்துமிடத்தில் கட்டணமில்லாத அவகாசம் 10 நிமிடம்தான். பல மாடி நிறுத்துமிடத்தின் உயரக் கட்டுப்பாட்டால் லாரி உள்ளேயே போக முடியாது, தூரத்தில் விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு வரணும்.

அடிபட்டால் யார் பொறுப்பு?

பெட்டியைத் தூக்கிவருபவர் யாரிடம் வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரே மாதிரி லாரி, ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி முதுகுவலி. சட்டத்தின் கண்ணில் மட்டும் மூன்று வேறு ஆட்கள்.

முதலாமவர், சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர். அவருக்கு 2019-ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். தப்பு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டிருந்தால் போதும். உடல் உழைப்பு வேலை செய்கிற எல்லா ஊழியர்களுக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி காப்புறுதி எடுத்திருக்கணும். மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்கான சம்பளம், நிரந்தரப் பாதிப்பு என்றால் மொத்தத் தொகை ஆகியவை கிடைக்கும். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு உச்சவரம்புகள் உயர்ந்துள்ளன. மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி வரை. முழுமையான நிரந்தர இயலாமைக்கு 346,000 வெள்ளி வரை.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கும் இதே சட்டம்தான். இது இப்போது தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான விஷயம். 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து கனரக வாகன ஓட்டுநர்களைச் சேவைத் துறையில் வேலைக்கு எடுக்க அனுமதி வந்திருக்கிறது. தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ லாரி ஓட்டியவர் நாளை உட்லண்ட்ஸில் ஓட்டலாம். உங்கள் சொந்தக்காரர் யாராவது அப்படி வருவதாக இருந்தால் இந்தப் பகுதியை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

இரண்டாமவர், செயலி மூலம் வேலை எடுக்கும் விநியோக ஓட்டுநர். 2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த தள ஊழியர் சட்டம் அவரைத் தனி வகையாக அங்கீகரிக்கிறது. ஊழியர்களுக்கு இருக்கும் அதே அளவு காய இழப்பீட்டைத் தள நிறுவனம் கொடுக்க வேண்டும். பொருளை எடுக்கப் போகும்போதும், எடுக்கும்போதும், கொடுக்கும்போதும் அந்தப் பாதுகாப்பு உண்டு. இங்கேதான் வாசல் பேச்சு ஆபத்தாகிறது. செயலியில் இருப்பது 'புளோக் கீழே ஒப்படைக்கவும்' என்ற வேலை. நீங்கள் கையில் இருபது வெள்ளி கொடுத்துப் பத்தாவது மாடிக்குத் தூக்கச் சொல்கிறீர்கள். அந்த இருபது வெள்ளி வேலை எந்தப் பதிவிலும் இல்லை. அதில் அடிபட்டால், இது தள வேலையா, உங்களுக்கும் அவருக்கும் நடுவே நடந்த தனி ஏற்பாடா என்ற வாதம் கிளம்பும். ஆள் உதவியைக் கூடுதல் கட்டணத்தோடு செயலியிலேயே பதிவுசெய்யும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். உங்களுக்குச் சில வெள்ளி கூடலாம். அவருக்கு அது ஆதாரம்.

மூன்றாமவர், சொந்த வேன் வைத்துத் துணைக் குத்தகைக்கு ஓடுபவர். கடை ஒரு தளவாட நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கும். அது இன்னொரு நிறுவனத்திடம் கொடுக்கும். கடைசியில் ஒருவர் தம் வேனோடு வருவார். அவர் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர் என்றால் மேலே சொன்ன இரண்டு சட்டங்களும் அவருக்குப் பொருந்தாது. சொந்தக் காப்புறுதி எடுத்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால், இன்னொருவரின் கவனக்குறைவால்தான் அடிபட்டது என்று நிரூபித்து வழக்குப் போட வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் கடையின் பெயர் இருப்பதால் அவர் அந்தக் கடை ஊழியர் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் சுமை தூக்குவோருக்கென்றே சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது, அதன்கீழ் நல வாரியங்கள் அமைந்தன. சிங்கப்பூரில் வழி வேறு. 2006-இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2011 செப்டம்பரில் எல்லாத் துறை வேலையிடங்களுக்கும் விரிந்தது. எந்த வேலையில் என்ன ஆபத்து என்று முதலாளி முன்கூட்டியே மதிப்பிட்டு, நியாயமாகச் செய்யக்கூடிய ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும். எத்தனை ஆள், என்ன டிராலி என்பதெல்லாம் அந்த மதிப்பீட்டில் வரணும். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் இரண்டு படி இருப்பது முதலாளிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

ஓட்டுநராக இருந்தால் அன்றே சொல்லுங்கள்

முதுகில் 'சுளுக்'கென்று பிடித்தது, தைலம் தேய்த்துக்கொண்டு வேலையை முடித்தேன் என்று விட்டுவிடாதீர்கள். இழப்பீட்டுக் கோரிக்கையில் கேட்கப்படுவது எந்த நாள், எந்த வேலை, எப்படி நடந்தது என்பதுதான். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த வலியை ஒரு விபத்தோடு இணைத்துக் காட்டுவது கடினம். அன்றே மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது வேலையில் தூக்கும்போது பிடித்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள், அது குறிப்பில் ஏறும். மருத்துவ விடுப்போ எளிய வேலைக்கான சான்றோ ஒரு நாளுக்குக் கொடுத்தாலும், முதலாளி அதை மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு கோர விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம்.

செயலி ஓட்டுநர்களுக்கு என்டியுசி-யுடன் இணைந்த தேசிய விநியோக வெற்றியாளர்கள் சங்கம் இருக்கிறது. பாதுகாப்பில்லாத வேலை முறையை மனிதவள அமைச்சின் 'ஸ்னாப்சேஃப்' செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம்.

டைல்ஸ் உடைந்தால்? கையெழுத்துக் கேட்டால்?

உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு தாளை நீட்டி, சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கையெழுத்துக் கேட்பதுண்டு. படித்துவிட்டுப் போடுங்கள். சிங்கப்பூரில் நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் இருக்கிறது. தன் தொழிலில் கவனக்குறைவாக நடந்து ஒருவருக்குக் காயமோ மரணமோ விளைவித்தால், அந்தப் பொறுப்பை எந்தத் தாளாலும் ஒரு நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. டைல்ஸ், கதவு போன்ற பொருள் சேதத்துக்கு, அந்த நிபந்தனை நியாயமானதா என்று பார்க்கப்படும். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை கோரலாம். பெட்டி உள்ளே வருமுன் கதவு, தரை, சுவர் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

கத்தி உங்கள் பக்கமும் திரும்பலாம். வீட்டில் இருப்பவருக்கும் கவனமாக இருக்கும் கடமை உண்டு. ஓர் இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள்ளேயே அடங்கும் என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரை ஈரம் என்று தெரிந்தும் சொல்லாமல் விட்டால், அது உங்கள் கவனக்குறைவு என்று வாதிட இடம் இருக்கிறது.

ஓட்டுநர் மறுத்தால் என்ன செய்வது?

முதலில் ரசீதைப் பாருங்கள். 'வாசல் வரை' என்று இருந்தால் அவர் மறுக்கவில்லை, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டார். 'உள்ளே வைத்துத் தரப்படும்' என்று இருந்தும் பாதுகாப்பில்லை என்று சொன்னால், அவரோடு வாதாடாமல் கடையைக் கூப்பிடுங்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் கடைக்கும்தான். கூடுதல் ஆளோடு இன்னொரு நாள் வரச் சொல்லலாம். அதற்குக் கட்டணம் கேட்டால், வாங்கும்போதே நீங்கள் படியைப் பற்றிச் சொல்லியிருந்தீர்களா என்பதுதான் அங்கே பேச்சாகும்.

அதனால் பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். எந்த அறை வரை என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேளுங்கள். உங்கள் மாடியில் மின்தூக்கி நிற்குமா, வாசலில் எத்தனை படி, கேட் முழுசாகத் திறந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். மின்தூக்கிக் கதவையும் அளந்து பாருங்கள். பெட்டியின் அளவு வேறு, அட்டையோடு சேர்ந்த அளவு வேறு. வீட்டுப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நல்லது.

பழைய ஃபிரிட்ஜ் என்ன ஆகும்? 2021 ஜூலை 1 முதல், புதியதைக் கொண்டுவரும் கடை, நீங்கள் கேட்டால் அதே வகைப் பழைய பொருள் ஒன்றை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். சலவை இயந்திரம், தொலைக்காட்சி, ஏர்கான் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கொடுக்கப்போகிறீர்கள் என்பதை வாங்கும்போதே சொல்லுங்கள். ஏன் என்றால் அது இன்னொரு 80 கிலோ, அதே படி, அதே இரண்டு பேர், எதிர்த் திசையில். முதல் நாள் இரவே காலிசெய்து, பிளக்கை எடுத்து, உறைபனி உருகித் தண்ணீர் வடிந்தபின் தரையைத் துடைத்துவிடுங்கள். பழைய வீட்டிலிருந்து சலவை இயந்திரத்தைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், வாங்கியபோது பின்பக்கம் கழற்றிக் கொடுத்த நீளமான போல்ட்டுகளைத் தேடி எடுங்கள். அவற்றை மறுபடி மாட்டாமல் தூக்கினால் உள்ளே இருக்கும் டிரம் ஆடி, எடை ஒரு பக்கமாகச் சாயும். பிடித்திருப்பவர் எதிர்பார்க்காத பக்கமாக.